அக்காவின் பெருவிரல் நகம்

ஜூலை 14, ஞாயிறு

அக்காவின் வலது கால் பெருவிரல் நகத்தை இன்று வெட்ட முடியவில்லை.

நகவெட்டியின் வாய்க்குள் அந்த நகம் நுழையவே இல்லை. அத்தனை தடிமன். ஓரத்தில் வைத்து அழுத்திப் பார்த்தேன். நகவெட்டியின் பிடி வளைந்து, நடுவில் இருந்த ஆணி தெறித்து அடுப்புப் பக்கம் போய் விழுந்தது. நகத்தில் ஒரு கீறல்கூட இல்லை. அக்கா படுத்தபடி, கண்ணைத் திறக்காமல் சிரித்தாள்.

"என்னளா, ஒடச்சிட்டியா? அது நகம் இல்ல, இறால் ஓடு."

அக்கா பெயர் சந்தனமாரி. பத்தாவது முடித்ததிலிருந்து இறால் கம்பெனியில் ஓடு உரிக்கிறாள். காலையில் மாட்டுகிற ரப்பர் பூட்ஸை வேலை முடிந்துதான் கழற்றுவாள். தரையெல்லாம் ஐஸ் தண்ணீர் ஓடும். பூட்ஸுக்குள் அது எப்படியும் இறங்கிவிடும் என்பாள். முதலில் பெருவிரல் நகம் மட்டும் மஞ்சளானது. பிறகு தடித்தது. பிறகு பக்கத்து விரல்களுக்கும் போனது. எங்கள் வீட்டில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கம்பெனிக்குப் போகிற எல்லாப் பெண்களுக்கும் கொஞ்சமாவது அப்படித்தான் இருக்கிறது.

போன வாரம் கோவில்பட்டியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்து கல்யாணத்தைப் பேசி முடித்தார்கள். பெண் பார்க்க வந்த அன்று அக்கா புடவையைத் தரையில் இழுபடும்படி கட்டி, காலை மூடிக்கொண்டே நின்றாள். கல்யாணத்தன்று மூட முடியாது. அம்மி மேல் காலை வைக்க வேண்டும். மாப்பிள்ளை குனிந்து அந்தக் காலைக் கையில் பிடித்து மெட்டி போடுவார். வீடியோக்காரர் விளக்கை அங்கேதான் அடிப்பார். மண்டபம் முழுக்க எட்டிப் பார்க்கும்.

"கல்யாணத்துக்குள்ள அந்த நகத்த ஒரு வழி பண்ணுட்டி" என்று அம்மா என்னிடம் சொன்னாள். அக்காவால் தானே செய்துகொள்ள முடியாது. நாள் முழுக்க ஐஸில் கிடந்து அவள் கைவிரல்கள் மரத்துப் போயிருக்கும். எதையும் அழுத்திப் பிடிக்க வராது. அம்மா கருவாட்டுக் கிட்டங்கிக்கு வேலைக்குப் போகிறாள். நான்தான் வீட்டில் இருக்கிறேன். ஒன்பதாவதோடு நின்றுவிட்டேன். சமைக்க ஆளில்லை, அதனால் நிறுத்தினோம் என்று அம்மா எல்லோரிடமும் சொல்வாள். எழுந்து நின்று பதில் சொல்ல வராமல் நான் வகுப்பில் அழுததை அவள் யாரிடமும் சொன்னதில்லை.

ஜூலை 16, செவ்வாய்

அப்பா மருந்துக் கடையில் சொல்லி வைத்து, வாய் அகன்ற பெரிய நகவெட்டி வாங்கிவந்தார். கூடவே கொஞ்சம் உப்புத்தாள். பெயின்ட் அடிப்பதற்கு முன் கதவைத் தேய்ப்பார்களே, அந்தத் தாள்.

"வெட்டுற வரைக்கும் வெட்டு. மிச்சத்தத் தேச்சிரு. அதுக்கும் மசியலன்னா சொல்லு தாயி, கல்லு ஒடைக்கிறவனக் கூட்டிட்டு வாரேன்."

அக்கா தலையணையை எடுத்து அவர் மேல் எறிந்தாள்.

உடனே உட்காரலாம் என்று பார்த்தேன். அம்மா விடவில்லை. செவ்வாய்க்கிழமை நகம் வெட்டக் கூடாது. வெள்ளிக்கிழமையும் கூடாது. மற்ற நாட்களில் விளக்கு வைத்த பிறகு கூடாது. அக்கா வீட்டுக்கு வருவதே விளக்கு வைத்த பிறகுதான்.

"அப்ப எப்பம்மா வெட்ட?"

"ஞாயித்துக்கெழம."

"ஞாயித்துக்கெழம கம்பெனிக்கு இறால் லோடு வந்தா?"

"லோடு இல்லாத ஞாயித்துக்கெழம."

முகூர்த்தம் செப்டம்பர் எட்டு. காலண்டரைப் பார்த்துவிட்டுத் திருப்பிப் போட்டேன்.

ஜூலை 21, ஞாயிறு

லோடு. அக்கா கம்பெனிக்குப் போய்விட்டாள்.

ஜூலை 28, ஞாயிறு

இன்று முடிந்தது. முழுதாக இல்லை, கொஞ்சம்.

துணி துவைக்கும் வாளியில் கைபொறுக்கிற சூட்டில் வெந்நீர் ஊற்றி, கல்லுப்பு போட்டு, அக்காவின் காலை வைத்தேன். தண்ணீர் ஆற ஆற மாற்றினேன். அக்கா சுவரில் சாய்ந்து தூங்கிவிட்டாள். அவள் எப்போது உட்கார்ந்தாலும் தூங்கிவிடுவாள். நகம் ஊறி, மேல்பக்கம் சோப்பு போல ஆனது. பிறகு காலைத் துடைத்து என் மடியில் வைத்துக்கொண்டு, நுனியிலிருந்து துணுக்குத் துணுக்காக வெட்டினேன். ஒரே கடியில் வெட்டினால் பிளந்துவிடுகிறது. துணுக்குகள் வெல்லக் கட்டி உடைவது போல உதிர்ந்தன. அடியில் மாவு மாதிரி ஏதோ இருந்தது. ஒரு வாடையும் வந்தது. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன். அக்கா பார்த்துவிடக் கூடாது என்று முகத்தைத் திருப்பவில்லை.

"நாறுதா?"

தூங்குகிறாள் என்று நினைத்தேன்.

"இல்லக்கா."

"பொய் சொல்லாத. எனக்கே வருது."  பிறகு, "அவுக நேத்து போன்ல என்ன கேட்டாக தெரியுமா? ஒனக்கு என்ன கலர் பிடிக்கும்னு கேட்டாக. நான் வெள்ளைன்னு சொல்லிட்டேன். கம்பெனில எல்லாமே வெள்ளையில்ல, வேற எதும் ஞாவத்துக்கு வரல."

இரண்டு பேரும் சிரித்தோம். மாப்பிள்ளை பெயர் பொன்னிருளன். மிக்சி, கிரைண்டர் பழுது பார்க்கிற கடை வைத்திருக்கிறார். சிரித்து முடித்த பிறகு அக்கா கேட்டாள்: "இந்தக் காலப் பாத்தா என்னளா நெனப்பாக?"

 உப்புத்தாளை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்தேன்.

ஜூலை 31, புதன்

அம்மா அக்காவைப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். நானும் போனேன்.

தோல் டாக்டரம்மா அக்காவின் காலைப் பார்த்த உடனே பூஞ்சை என்றார். "நகம் புதுசா முழுக்க வளந்து வரணும்மா. கால் நகம் மெதுவாத்தான் வளரும். ஒரு வருஷத்துக்கு மேல ஆகும்." அம்மா விரலை மடக்கி எண்ணியபடி, "ஆவணில கல்யாணம் டாக்டர்" என்றாள். "நகத்துக்கு அது தெரியாதே" என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை.

பிறகு என்னைப் பார்த்துச் சொன்னார், நான்தான் வெட்டுகிறேன் என்று தெரிந்ததால். ஊற வைக்க வேண்டும். நேராக வெட்ட வேண்டும். ஓரத்தை வளைத்து உள்ளே போகக் கூடாது. ஒரே நாளில் எல்லாவற்றையும் எடுக்கக் கூடாது. விரலிடுக்கில் ஈரம் நிற்கக் கூடாது. காற்று பட வேண்டும். நகவெட்டியையும் துண்டையும் வேறு யாரும் தொடக் கூடாது.

"பூட்ஸ் போடாம வேலை பாக்க முடியுமா?"

"உள்ள விட மாட்டாக" என்றாள் அக்கா.

மூன்று மாதம் சாப்பிட மாத்திரை எழுதினார். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டுத் தொடங்கலாம், சாப்பிடும் காலத்தில் பிள்ளை உண்டாகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். அம்மா அந்தச் சீட்டை இரண்டாக மடித்தாள். மறுபடி இரண்டாக மடித்தாள். கல்யாணம் ஆகப் போகிறவளிடம் சொல்கிற பேச்சா அது என்று பஸ்ஸில் முணுமுணுத்துக்கொண்டே வந்தாள். மாத்திரை வாங்கவில்லை. மேலே தடவுகிற மருந்தை மட்டும் வாங்கினோம்.

வாங்கச் சொல்லி நான் அம்மாவிடம் கேட்டிருக்கலாம்.

ஆகஸ்ட் 11, ஞாயிறு

பெருவிரல் நகம் பாதி உயரத்துக்கு இறங்கியிருக்கிறது. தேய்த்த தூளைக் காகிதத்தில் மடித்து வெளியே போட்டேன். உள்ளங்கை எரிகிறது.

ஆகஸ்ட் 19, திங்கள்

இன்று நடந்ததை எப்படி எழுதுவது என்று தெரியவில்லை.

மாப்பிள்ளையின் அக்கா செல்வராணி மதினி சொல்லாமல் வந்துவிட்டார். ரவிக்கை அளவும் கொலுசு அளவும் வாங்கிப் போக வந்தாராம். வீட்டில் நான் மட்டும் இருந்தேன். அளவு ரவிக்கையை எடுத்துக் கொடுத்தேன். காபி போட்டேன். அவர் என் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஏ பிள்ள, இங்கன உக்காரு. கால நீட்டு."

நீட்டினேன். அவர் நூலை எடுத்து என் கணுக்காலில் சுற்றினார். "உங்க அக்கா கொஞ்சம் பூசினாப்ல இருப்பா. ஒரு விரக்கட கூட வச்சுக்கிடலாம், என்ன?" பிறகு என் பாதத்தைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார். "காலு என்ன லட்சணமா இருக்கு. நகமெல்லாம் வழுவழுன்னு சோவி கணக்கா. அக்காளுக்கும் இப்படித்தான?"

நான் தலையாட்டினேன்.

"எங்கம்மைக்குப் பொண்ணுன்னா காலுதான் பாக்கணும். அன்னைக்குப் பாக்க முடியலயேன்னு பொலம்பிட்டே கெடக்கு. போயி சொல்லுதேன். நல்ல கனமான மெட்டியா எடுத்துருவோம்." எழுந்து போகும்போது என் கன்னத்தைக் கிள்ளி, "பேச்சித்தாயின்னு பேரு வச்சிருக்காக, ஒரு வார்த்த பேச மாட்டேங்கியே" என்று சிரித்தார்.

அவர் குடித்த டம்ளரைக் கழுவிவிட்டு, பிறகு மறுபடியும் கழுவினேன்.

ஆகஸ்ட் 20, செவ்வாய்

அக்காவிடம் சொன்னேன். சோறு பிசைந்துகொண்டிருந்தவள் முதலில் சிரித்தாள். "சோவி கணக்காவா? அப்ப மணவறைல ஒன் கால நீட்டிருவோம். நீ எனக்குப் பின்னால ஒளிஞ்சுக்கோ." அம்மாவும் சிரித்தாள். அப்பாகூடச் சிரித்தார்.

பிறகு அக்கா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"எதுக்குளா தலையாட்டுன?"

செப்டம்பர் 1, ஞாயிறு

லோடு இல்லாத கடைசி ஞாயிறு.

அக்கா காலையிலேயே உட்கார்ந்துவிட்டாள். இன்று தூங்கவில்லை. கன்னத்தில் கை வைத்து நகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேலே நன்றாகத் தேய்ந்திருந்தது. ஓரம் இரண்டும்தான் கொம்பு மாதிரி நின்றன. பாலிஷ் போட்டால்கூட அந்தக் கொம்பு தெரியும்.

"அத எடுத்துரு."

"டாக்டரம்மா ஓரத்துல போகக் கூடாதுன்னாகளே."

"டாக்டரம்மா காலயா புடிக்கப் போறாக? எடுளா."

நகவெட்டியின் முனையை ஓரத்தில் நுழைத்தேன். வலிக்கிறதா என்று கேட்டேன். இல்லை என்றாள். இன்னும் கொஞ்சம் என்றாள். நுழைத்தேன். இன்னும் என்றாள். அந்த இடத்தில் நகம் கருப்பாக இருந்ததால் எது நகம், எது சதை என்று எனக்குத் தெரியவில்லை. அழுத்தினேன். துண்டு நீளமாகக் கழன்று வந்தது. ஒரு நொடி சுத்தமாக இருந்தது. அப்புறம் ரத்தம் வந்து வாளித் தண்ணீரில் சொட்டியது.

"வலிக்கலையேளா" என்றாள் அக்கா, ஆச்சரியமாக. நான்தான் அழுதேன். அவள் என் தலையில் கையை வைத்துக்கொண்டு, மஞ்சள் பொடி எங்கே என்று அம்மாவைக் கேட்டாள்.

செப்டம்பர் 3, செவ்வாய்

வியாழக்கிழமையிலிருந்துதான் லீவு. அக்கா அந்தக் காலைப் பூட்ஸுக்குள் நுழைத்துக்கொண்டு போனாள். படி இறங்கும்போது சுவரைப் பிடித்தாள்.

செப்டம்பர் 5, வியாழன்

விரல் வீங்கிப் பளபளவென்று இருந்தது. சீழ் வந்திருந்தது. பெரியாஸ்பத்திரியில் ஊசி போட்டு மரக்க வைத்து, பெருவிரல் நகத்தை முழுதாக எடுத்துவிட்டார்கள். அக்கா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். நான் பார்த்தேன். அத்தனை நாள் ஊற வைத்து, வெட்டி, தேய்த்து நான் போராடிய நகம் ஒரு நிமிடத்தில் தட்டில் கிடந்தது.

காயம் ஆறும்வரை நனைக்கக் கூடாது, காலை மூடிய செருப்பு போடக் கூடாது என்று சொல்லிக் கட்டுப் போட்டு அனுப்பினார்கள்.

வீட்டுக்கு வந்ததும் அம்மா சொன்னாள்: "கதவு இடிச்சிருச்சுன்னு சொல்லுவோம். அடிபட்டுருச்சுன்னா யாரும் தப்பா நெனைக்க மாட்டாக."

"எந்தக் கதவு?" என்றாள் அக்கா. "கேட்டா எல்லாரும் ஒண்ணு போல சொல்லணும்லா?"

"நம்ம வீட்ல கதவே ஒண்ணுதான தாயி இருக்கு" என்றார் அப்பா.

மற்ற விரல்களுக்கு அரக்குக் கலர் பாலிஷ் பூசினேன். காய்ந்த பிறகு மேலே இன்னொரு பூச்சு. அதற்கு மேலேயும் ஒன்று.

செப்டம்பர் 8, ஞாயிறு

கல்யாணம் முடிந்தது.

அக்கா அம்மியில் காலை வைத்தபோது நான் அவள் புடவைக் கொசுவத்தைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் குனிந்திருந்தேன். பெருவிரலில் வெள்ளைக் கட்டு. பாதம் நிறைய மருதாணி. வீடியோக்காரர் விளக்கை அடித்தார். கண் கூசியது. அத்தான் கட்டைப் பார்த்ததும் கையைப் பின்னுக்கு இழுத்தார். பிறகு குதிகாலை மட்டும் தாங்கி, பக்கத்து விரலில் மெதுவாக மெட்டியை ஏற்றினார்.

"அய்யோ பாவம், கல்யாண நேரத்துலயா அந்தக் கதவு இடிக்கணும்" என்று செல்வராணி மதினி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். "இல்லன்னா அந்தக் காலு எப்படி இருக்கும் தெரியுமா? தங்கச்சி காலப் பாத்தேன்லா நானு."

மாமியார் அக்காவின் கன்னத்தைத் தடவி, "போட்டும், நகந்தான, வளந்துரும்" என்றார்.

அம்மா என்னைப் பார்த்துக் கண்ணை மூடித் திறந்தாள். தப்பித்துவிட்டோம் என்று அர்த்தம்.

செப்டம்பர் 9, திங்கள்

இன்று யாருக்கும் வெந்நீர் வைக்கவில்லை.

செப்டம்பர் 12, வியாழன்

கம்பெனி சூப்பர்வைசர் அம்மாவைச் சந்தையில் பார்த்தாராம். பெரியவள் போன இடம் காலியாக இருக்கிறது, சின்னவளை அனுப்புங்கள் என்றாராம். ஒரு மாதத்துக்கு மட்டும்தான் என்று அம்மா சொன்னாள். திங்களிலிருந்து போகிறேன். அங்கே பேச வேண்டியதில்லையாம். உரித்தால் போதும்.

செப்டம்பர் 22, ஞாயிறு

அக்கா போன் செய்தாள். வழக்கம்போல என்ன கறி, என்ன வேலை என்று பேசினாள். காயம் ஆறிவிட்டது என்றாள். கட்டை அவிழ்த்தாயிற்று என்றாள். பிறகு குரல் மாறி, "இந்தா, அத்தான் பேசணும்ங்காக" என்றாள்.

"பேச்சி, நல்லாருக்கியா? ஒண்ணு கேக்கேன், மறைக்காமச் சொல்லு. நெசமாவே கதவுதான் இடிச்சுதா?"

நான் தலையாட்டினேன். போனில் அது போகாது.

"அந்தப் பாலிஷ் உரிஞ்சிருச்சு. மத்த வெரலெல்லாம் பாத்தேன். கதவு ஒரு வெரல்ல இடிக்கும். எல்லா வெரல்லயும் எப்படி இடிக்கும்? உங்க அக்கா கதவு கதவுன்னே சொல்லுதா. கோவப்படல பிள்ள. தெரிஞ்சாதான எதும் பண்ண முடியும்."

அவர் குரல் நிஜமாகவே கோபமாக இல்லை. சும்மா காத்துக்கொண்டிருந்தார். யாரும் எனக்காக அவ்வளவு நேரம் காத்திருந்ததில்லை. வகுப்பில்கூட அடுத்த பெண்ணிடம் போய்விடுவார்கள்.

"கதவு இல்லத்தான்" என்றேன்.

"பின்ன?"

"பூட்ஸ்."

அதற்குப் பிறகு நிறுத்த முடியவில்லை. பூஞ்சை என்றேன். கம்பெனித் தண்ணீர் என்றேன். வெந்நீரில் ஊற வைக்க வேண்டும், நேராக வெட்ட வேண்டும், நான்தான் ஓரத்தில் போய்விட்டேன், காற்று பட வேண்டும், மாத்திரை இருக்கிறது, ஒரு வருஷத்தில் புது நகம் வந்துவிடும், எல்லாவற்றையும் சொன்னேன். என் வாயிலிருந்து அத்தனை பேச்சு வந்து நானே கேட்டதில்லை. மூச்சு வாங்கியது.

அந்தப் பக்கம் பேசியது அத்தான் இல்லை. வேறு ஒரு குரல் தூரத்தில் கேட்டது, வயதான பெண் குரல்.

"நமக்கும் ஒட்டுமாலே அது?"

ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

செப்டம்பர் 23, திங்கள்

அக்கா போனை எடுக்கவில்லை.

செப்டம்பர் 29, ஞாயிறு

செல்வராணி மதினி அம்மாவுக்குப் போன் செய்தார். அம்மா "இல்லம்மா, இல்லம்மா" என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தாள். சீக்கை மறைத்துக் கட்டி வைத்துவிட்டீர்களே, உங்கள் சின்ன மகள் என்னிடம் தலையாட்டினாளே, கட்டி வந்தவளைத் தள்ளியா விட முடியும், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்றாராம்.

அம்மா என்னை அடிக்கவில்லை. போனைச் சேலையில் துடைத்து வைத்தாள்.

"பேச வேண்டிய எடத்துல பேசல. இப்ப எதுக்குட்டி பேசுன?"

அப்பா தான் ஓட்டுகிற லோடு ஆட்டோவுக்கு அடியில் படுத்து எதையோ முடுக்கிக்கொண்டே இருந்தார். அது நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

அக்டோபர் 16, புதன்

கம்பெனியில் என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை. ஒரு மாதம் முடிந்துவிட்டது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. கால் விரலிடுக்கில் கொஞ்சம் அரிப்பு. ஈரம்தான், வேறொன்றும் இல்லை.

அக்டோபர் 30, புதன்

தலைதீபாவளிக்கு அக்காவும் அத்தானும் வந்திருக்கிறார்கள்.

அக்கா படியேறி வரும்போது முதலில் காலைத்தான் பார்த்தேன். சாம்பல் நிறக் காலுறை போட்டிருந்தாள். பட்டுப் புடவை, கழுத்து நிறைய நகை, காலில் பள்ளிக்கூடத்துப் பையன்கள் போடுகிற மாதிரிக் காலுறை. பக்கத்து விரல் இருக்கும் இடத்தில் மட்டும் துணி புடைத்துக்கொண்டு நின்றது. உள்ளே மெட்டி.

அம்மா அதைப் பார்த்தாள். பார்க்காதது போல, "வாங்க மாப்பிள்ள" என்றாள்.

அடுப்படியில் தனியாக இருந்தபோது கேட்டேன்.

"வீட்டுக்குள்ளயுமாக்கா போட்டுருக்கணும்?"

"எல்லாரும் மிதிக்கிற தரைலா. அத்தைக்கு முட்டுவலி, கீழதான உக்காருவாக, படுப்பாக. பயப்படத்தான செய்வாக." மாமியாருக்காக அவள் பேசினாள். பிறகு கரண்டியால் என் தலையில் ஒரு தட்டு தட்டினாள். "பொறந்ததுலருந்து வாயத் தொறக்காதவ. ஒனக்கு வாய் வந்ததே அன்னைக்குத்தான். அதும் ஸ்பீக்கர்ல."

சிரிக்கிறாள் என்று நினைத்தேன். எண்ணெய்ப் பலகாரப் புகை என்று சொல்லிக் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அக்டோபர் 31, வியாழன்

எண்ணெய் தேய்த்துக் குளிக்கக் காலுறையைக் கழற்றித்தான் ஆக வேண்டும். அம்மா அக்காவை மணையில் உட்கார வைத்து, தலையில் எண்ணெய் வைத்துவிட்டுக் காலுக்கு வந்தாள். கை அப்படியே நின்றது.

விரலிடுக்கெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது. நகங்கள் பழையபடி தடித்து, ஒன்று பக்கத்து விரல் சதையில் குத்திக்கொண்டிருந்தது. நகம் எடுத்த பெருவிரலில் மட்டும் அடியில் ஒரு கோடு போலப் புது நகம். அது என்ன நிறம் என்று அந்த வெளிச்சத்தில் தெரியவில்லை. அக்கா காலை இழுத்துக்கொண்டாள்.

"அங்க வெட்டலையா?" என்று அம்மா கேட்டாள்.

"யாரும்மா வெட்டுவா? ஒரு சின்ன நகவெட்டி வாங்கி நானே வெட்டுனேன். அந்த நகவெட்டிய எங்க வச்சுருக்கன்னு அத்த கேட்டுட்டே இருக்காக. தூரப் போட்டுட்டேன்."

நல்ல நாளில் நகம் வெட்டக் கூடாது. விடியவும் இல்லை, விளக்கு எரிந்துகொண்டிருந்தது. அம்மா எதுவும் சொல்லாமல் எழுந்து போய் அடுப்பில் வெந்நீர் வைத்தாள். உப்பையும் அவளே போட்டாள்.

வெளியே வெடிச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்க, நான் அக்காவின் காலை மடியில் வைத்து நேராக, நேராக மட்டும் வெட்டினேன். ஓரத்துக்குப் போகவே இல்லை. அத்தான் வாசலில் நின்று எட்டிப் பார்த்தார். பிறகு உள்ளே வந்து, கொஞ்சம் தள்ளிக் குந்தி உட்கார்ந்து, என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். மிக்சியைப் பிரிக்கிறவர் பார்க்கிற மாதிரி.

நான் தலையைத் தூக்காமல் சொன்னேன்: "காத்து படணும்த்தான். காலுறை போட்டா ஆறாது."

"எனக்குத் தெரியும் பிள்ள."

"அப்ப?"

அவர் தரையில் கிடந்த ஒரு நகத் துணுக்கை விரலால் சுவரோரம் தள்ளினார். "எங்கம்மைக்கிட்ட யாரு சொல்லுவா? சொன்னேன் ஒரு தடவ. சாப்புடாமப் படுத்துருச்சு."

அக்கா கண்ணை மூடிச் சுவரில் சாய்ந்திருந்தாள். தூங்கவில்லை என்று எனக்குத் தெரியும்.

நவம்பர் 2, சனி

நேற்று வெள்ளிக்கிழமை. பெண்ணை அனுப்ப மாட்டார்கள். அதனால் ஒரு நாள் கூடக் கிடைத்தது. நேற்று முழுக்க அக்கா வெறுங்காலோடு இருந்தாள். வாசலில் வெயில் படும்படி காலை நீட்டிக்கொண்டு மாவாட்டினாள். விரலிடுக்கு காய்ந்து கொஞ்சம் தோல் நிறத்துக்கு வந்திருந்தது. கம்பெனிக்கு லீவு சொல்லாமல் நானும் வீட்டிலேயே இருந்தேன்.

இன்று காலை கிளம்பினார்கள். பெரிய நகவெட்டியையும் மருந்தையும் துணியில் சுற்றி அக்காவின் பைக்கு அடியில் வைத்தேன். வெளியே எடுக்க இடம் கிடைக்குமா என்று தெரியாது. மாத்திரைச் சீட்டு எங்கே என்று அம்மாவிடம் கேட்டேன். அம்மா அக்காவின் வயிற்றைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், "இப்ப அதெல்லாம் வேண்டாம்" என்றாள். அக்கா புடவைத் தலைப்பை வயிற்றின் மேல் இழுத்துவிட்டாள். அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அம்மாவும் அப்பாவும் வாசலோடு நின்றுவிட்டார்கள். நான் பையைத் தூக்கிக்கொண்டு தெருமுனைவரை போனேன். அக்கா செருப்பு மட்டும் போட்டு நடந்தாள். ஒவ்வொரு எட்டுக்கும் மெட்டி கல்லில் பட்டு டக்கென்றது. ஆட்டோ வருகிற வரை என்னிடம் எதையெதையோ சொன்னாள். பூட்ஸைத் தலைகீழாகக் கவிழ்த்துக் காயவை என்றாள். ராத்திரி விரலிடுக்கில் பவுடர் போடு என்றாள். நான் அவளிடம் அரிப்பைப் பற்றிச் சொல்லவே இல்லை.

ஆட்டோ வந்தது. ஏறுவதற்கு முன் அக்கா அத்தானைப் பார்த்தாள். அத்தான் சட்டைப் பையிலிருந்து காலுறையை எடுத்துக் கொடுத்தார். அவள் ஆட்டோவின் ஓரத்தில் உட்கார்ந்து, குனிந்து, ஒவ்வொரு விரலாக உள்ளே விட்டு இழுத்தாள். மெட்டி மாட்டிக்கொண்டது. மறுபடி இழுத்தாள். அத்தான் ஜவுளிக்கடைப் பையை அகலமாக விரித்து, யாரும் பார்த்துவிடாதபடி அவளை மறைத்துக்கொண்டு நின்றார்.

தெருவில் அப்போது என்னைத் தவிர யாரும் இல்லை.